தொட்டுப் பார்க்காத வைத்தியர்கள்

ஞாயிறு, 3 நவம்பர் 1991

காலையிலிருந்து தூறல். மதியம் இவருடைய கூட்டாளிகள் சாப்பாட்டுக்கு. மெடிக்கல் கொலிஜ் விடுதியில் ஒரே மாடியில் இருந்தவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒவ்வொருவர் வீடாக. ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, மீன் பொரியல். தயிர் வாங்க மறந்துவிட்டேன்.

அதே ராகிங் கதைகள். அதே இடத்தில் அதே சிரிப்பு. சீனியர்கள் வைத்த பட்டப்பெயரால்தான் இன்றும் கூப்பிடுகிறார்கள். இவர் கொக்கு. அப்போது அவ்வளவு ஒல்லியாம். பிறகு தொந்தி வைத்தது. இந்தக் கோடையோடு அது போய்விட்டது.

"எங்களுக்கெல்லாம் வண்டி வைச்சிட்டுது. உவன் மட்டும் திரும்பக் கொக்காயிட்டான்," என்றார் செல்வா அண்ணை. அவர் சர்ஜன். எல்லோரும் கிளாஸை உயர்த்தினார்கள். இவரும்.

இவருடைய தட்டில் சோறு அப்படியே.

அவர்கள் வெளிக்கிடும்போது செல்வா அண்ணையைக் காரடியில் மறித்து, இவருடைய வயிற்றுவலி பற்றிக் கேட்டேன். குணம் பார்க்கிறான்தானே என்றார். குணம் அண்ணையும் அந்த மாடிதான்; இங்கே லண்டனில், இல்ஃபோர்டில், குடும்ப டொக்டராகச் சொந்த சேர்ஜரி. அவர் மனைவி மாலினியோ, செல்வா பார்த்துவிட்டாராம், பயமில்லையாம் என்று குசினியில் பாத்திரம் கழுவியபடி சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

இத்தனை டொக்டர்கள் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

செவ்வாய், 5

வேலை முடிந்து வரும்போது தெருவெல்லாம் பட்டாசு. இவரிடம் கேட்டேன். ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லையாம். குணம் அண்ணை பையிலிருந்து எடுத்துக் கொடுத்த குளிசையைத்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறார். அதுதான் இவர்கள் வழக்கம். கிளாஸும் கையுமாக இரண்டு கேள்வி, ஒரு குளிசை, ஒரு பகிடி.

பக்கத்துச் சேர்ஜரிக்குப் போவோம் என்றேன்.

"போய்? உடுப்பைக் கழட்டிப் படுத்தாப் பிறகு, டொக்டர், நீங்கள் என்ன நினைக்கிறியள் எண்டு அவன் என்னட்டைக் கேப்பான். நான் என்ன சொல்லுறது?"

கன்சல்டன்ட் வேலைக்கு எத்தனை நேர்முகம். ஒவ்வொன்றுக்கும் புது டை. பிறகு விண்ணப்பிப்பதையே நிறுத்திவிட்டார். வேறு யாரும் விரும்பாத முதியோர் வோர்டிலேயே காலம். இவரிடம் வேலை பழகிய பெடியங்கள் இன்று இவருக்கு மேலே. அந்த மாடிக்காரர்களுக்கு முன்னால் மட்டும் இவர் இன்னும் அனற்றமிப் பரீட்சையில் முதலாவதாக வந்தவர். அவர்கள் முன் நோயாளியாய்ப் படுக்க மனமில்லை. எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன.

சனி, 9

ஈஸ்ட் ஹாம் கடைத்தெரு. வெண்டைக்காய், கறிவேப்பிலை, தேங்காய்ப்பூ. குளிர்.

வந்ததும் குணம் அண்ணைக்குப் போன். ஏன் பார்க்கவில்லை என்று நேரே கேட்டேன்.

"தங்கச்சி, கை வைச்சா எனக்குத் தெரிஞ்சிடும்."

ஓகஸ்டில் இவர் பெல்ட்டில் புதிதாய் ஓட்டை போட்டிருந்ததைக் கண்டாராம். அன்றிலிருந்து பயமாம். செல்வா அண்ணைக்கும் தெரியுமாம். தங்களுக்குள் அதைப்பற்றிக் கதைப்பதில்லையாம். புதன்கிழமை நானே பக்கத்துச் சேர்ஜரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன்.

கோபம் வரவில்லை. வெண்டைக்காயைக் கழுவாமலே வெட்டிவிட்டேன்.

புதன், 13

பனிமூட்டம். என் லைப்ரரி வேலைக்கு லீவு போட்டேன். இவருக்குச் சுகமில்லை என்று வோர்டுக்கு நானே சொல்லிவிட்டேன் என்றதும் எழுந்து கோட்டைப் போட்டார்.

பக்கத்துச் சேர்ஜரியில் டொக்டர் ஒரு இளம் வெள்ளைக்காரப் பெண். என்ன வேலை என்று கேட்டாள். ஹொஸ்பிட்டலில் என்றார், அவ்வளவுதான். அவள் உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டு தொட்டாள். வலது விலாவுக்குக் கீழே கை நின்றது. நகர்ந்தது. மறுபடி அங்கேயே வந்தது.

இவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், வேலை பழகும் ஒருவரைப் பார்ப்பதுபோல. அவள் வாய் திறக்க முதல், ஈரல் கட்டிகட்டியாக இருக்கிறதா என்று இங்கிலிஷில் கேட்டார். அவள் தலையாட்டினாள். பொறுமையாக ஒவ்வொரு பட்டனாகப் பூட்டினார்.

அவசர ஸ்கானுக்கு எழுதிக் கொடுத்தாள்.

காரில் இவர்:

"அவங்களுக்கு இப்ப சொல்லாதையும். அடுத்த ஞாயிறுச் சாப்பாடு செல்வா வீட்டிலை. ஒருக்காச் சிரிச்சிட்டு வருவம்."

வியாழன், 14

மழை. பின்னேரம் குணம் அண்ணையின் போன். என்னவாம் என்றார். இவர் எதிரே, பேப்பரை மடியில் போட்டுவிட்டு என்னையே பார்த்தபடி.

"ஒண்டுமில்லையாம், அண்ணை."

"ஓம்," என்றார். "நல்லது, தங்கச்சி."

போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.