இரண்டாவது ஜோடி கையுறை

இன்று காலை பழைய இலக்கணப் புத்தகம் ஒன்றைத் தூசு தட்டியபோது நடுவிலிருந்து உங்கள் உறை விழுந்தது. ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் பிளாஸ்டிக், ஓரத்தில் பழுப்பாகிப்போன ஒரு பட்டை. பல் மருத்துவமனையில் கருவிகளைப் போட்டு, கிருமி சாக ஆவியில் வைத்தெடுக்கும் உறை. பக்க அடையாளத்துக்கு என்று நான்தான் கேட்டு வாங்கினேன். விழுப்புரத்துக்கு மகன் வீட்டோடு வந்தபோது பாதிப் புத்தகங்களைக் கொடுத்துவிட்டேன். இது எப்படியோ கூடவே வந்திருக்கிறது.

உங்கள் பெயரை நான் கேட்டதில்லை. எல்லாரும் சிஸ்டர் என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். ஊரைக் கேட்டேன். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

திண்டிவனத்தில் அந்தச் சின்ன மருத்துவமனைக்கு மூன்று முறை வரச்சொல்லியிருந்தார்கள். முதல் நாள் சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்தேன். பஸ் இறங்கிப் புடவையில் வந்த நீங்கள், உள்ளே போய்க் கழுத்துவரை பொத்தானும் மணிக்கட்டுவரை கையும் உள்ள நீலக் கோட்டில் வெளியே வந்தீர்கள். டீ குடிக்கப் போகும்போது அதைக் கழற்றி ஆணியில் மாட்டி, கை கழுவிய பிறகே வாசலைத் தாண்டினீர்கள்.

"எதிர்க்கடைதானேம்மா, அதுக்குப் போய்க் கழட்டணுமா?" என்று கேட்டேன்.

"இதும்மேல எத்தினி பேரு எச்சி தெறிச்சிருக்குது சார். போட்டுக்கினே போய் நின்னா டீக்கடைக்காரருக்கும் பங்கு குடுத்த மாதிரி ஆயிடும்."

வீட்டுக்கும் அதைக் கொண்டுபோவதில்லை, இங்கேயே வெந்நீரில் துவைப்பதாகச் சொன்னீர்கள். உறையின் பட்டையையும் காட்டினீர்கள். ஆவியில் வைத்து எடுத்தால்தான் அது நிறம் மாறும். விடைத்தாள் தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்வதைப்போல இருந்தது எனக்கு. அன்று மாலை நடைக்கு வந்த நண்பர்களிடம் உங்களைப் பற்றியே பேசினேன். சுத்தம் என்றால் அந்தப் பெண்மணியைப் பார்க்க வேண்டும் என்றேன்.

இரண்டாம் முறை, டாக்டர் பக்கத்து அறையில் இருந்தார். என் கழுத்தில் துண்டைக் கட்டினீர்கள். பெட்டியிலிருந்து புதுக் கையுறை எடுத்து என் கண்ணெதிரே போட்டுக்கொண்டீர்கள். நான் பேச்சுக் கொடுத்தேன்.

"எந்த ஊரும்மா?"

"பெருமுக்கல் பக்கம் சார்."

"ஊர்லயே எங்க?"

ஒவ்வொரு ஜூன் மாதமும் என் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் நான் கேட்டுவந்த கேள்வி அது. பாசமாகத்தான் கேட்பேன். பதிலைத் தெரிந்துகொண்டு எந்தப் பிள்ளையையும் ஒதுக்கியதில்லை என்று சொல்லிக்கொள்வேன். ஒதுக்காதவனுக்கு அந்தப் பதில் எதற்கு என்று யோசித்ததே இல்லை.

நீங்கள் என்னை ஒரு கணம் பார்த்தீர்கள். "நீங்க நெனைக்கிற எடம்தான் சார். ஊரு முடிஞ்சி, ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

சொல்லிவிட்டுப் பஞ்சு வைக்க விரலை என் வாயருகே கொண்டுவந்தீர்கள். வாய் மூடிக்கொண்டது. தானாக மூடிக்கொண்டது என்று எழுதத்தான் கை போகிறது. நான்தான் மூடினேன்.

"கிளவுஸ் வேற மாத்திக்கம்மா."

"இப்பதான சார் போட்டேன்? நீங்க பாத்துக்கினுதான இருந்தீங்க?"

அதற்குள் டாக்டர் வந்து என்னவென்று கேட்டார். "ஒண்ணுமில்ல டாக்டர், கிளவுஸ் பழசு மாதிரி தெரிஞ்சுது," என்றேன்.

அவர் உங்கள் பக்கம் திரும்பினார். "எத்தனை வாட்டி சொல்றது? இனிமே யாரா இருந்தாலும் பெட்டியக் காட்டி, கவரக் காட்டிப் பிரிச்சிட்டுத்தான் வாயில கை வைக்கணும்." வெளியே காத்திருந்த மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். நீங்கள் கையுறையைக் கழற்றி, கை கழுவி, இரண்டாவது ஜோடியை என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டிவிட்டுப் போட்டுக்கொண்டீர்கள். அதன்பிறகு வாயைத் திறந்தேன். முதல் ஜோடியும் அதே பெட்டியிலிருந்து வந்ததுதான்.

மூன்றாம் முறை மன்னிப்புக் கேட்கும் எண்ணத்தோடு வந்தவன், காலி உறையைக் கேட்டேன். கொடுத்தீர்கள்.

"இந்தக் கோட்டு, கிளவுஸெல்லாம் பேஷண்டுக்காக மட்டும்னு நெனைச்சிக்கினு இருக்காங்க சார். உங்க வாயில இன்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியாதில்ல? எனக்கும் வூட்ல ரெண்டு புள்ளைங்க இருக்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். நானும் சிரித்து வைத்தேன்.

டாக்டரிடம் உண்மையைச் சொல்வதை அடுத்த முறைக்குத் தள்ளிவைத்தேன். பல் வலிக்கவில்லை, அடுத்த முறை வரவே ஓர் ஆண்டு ஆனது. பல்லுக்குப் போட்ட கேப் ஆடியதால் போனேன். ஆணியில் நீலக் கோட்டு தொங்கியது. உள்ளே ஒரு புதிய பெண் இருந்தாள். காய்ச்சல் என்று முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் சேர்த்ததையும், நான்காம் நாள் நீங்கள் போய்விட்டதையும் டாக்டர் சொன்னார்.

அப்போதுதான் சொன்னேன், அந்தக் கையுறை புதிது என்று, நான் பொய் சொன்னேன் என்று.

டாக்டர் முகக்கவசத்தை இறக்கிவிட்டார். "அவங்க அன்னிக்கி சாயந்திரமே சொன்னாங்க சார், புதுசுதான் போட்டேன்னு. வாத்தியாரு எதுக்குப் பொய் சொல்லப் போறாருன்னு கேட்டேன்."

புதிய பெண் கையுறைப் பெட்டியையும் கருவி உறையின் பட்டையையும் காட்டினாள். "பாருங்க சார், புதுசு. கலரும் மாறியிருக்குது பாருங்க." எல்லாரிடமும் காட்டிவிட்டுத்தான் தொடுகிறார்கள் என்று வெளியே ஒருவர் அந்த மருத்துவமனையை மெச்சிக்கொண்டிருந்தார். அந்த வழக்கம் எதிலிருந்து தொடங்கியது என்பது அவருக்குத் தெரியாது.

அவளிடம் முதலில் பெயரைக் கேட்டேன். பிறகு ஊரைக் கேட்டேன். கூட்டேரிப்பட்டு என்றாள். ஊர்லயே எங்க என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது, நீங்கள் இறந்த செய்தியைக் கேட்ட அதே நாற்காலியில்.

"வாயத் தொறங்க சார், ஜல்தி. அடுத்தவங்க காத்துக்கினு இருக்காங்க."

கேள்வியை விழுங்கிவிட்டு வாயைத் திறந்தேன். விழுங்கினேன், அவ்வளவுதான். அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது.