இழுத்தால் ஓடும் வண்டி

புரட்டாசி 3, வெள்ளி

ராத்திரி நல்ல மழை. மேட்டுக்கொல்லை உழவுக்குப் பதம். ஈரம் காய்வதற்குள் ஓட்டி மக்காச்சோளம் போட்டாக வேண்டும். விதை வாங்கியாச்சு. டிராக்டர்தான் கிளம்பவில்லை. மகன் முருகேசன் சாவியைத் திருப்பினால் 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றித் தேய்த்தோம். இஞ்சின் சுற்றியது, பற்றவில்லை.

பேத்தி போனைப் பார்த்துச் சொன்னாள்: "அப்பத்தா, டீசல் பைப்புல காத்து இருக்குமாம். நட்ட லூஸ் பண்ணி வெளியேத்தணுமாம்."

செய்தார்கள். நுரை நுரையாக டீசல். இரண்டு இருமல், கொஞ்சம் புகை. செத்துப்போச்சு.

உருவி வைத்த முருங்கைக்கீரை வாடிக் கிடக்கிறது. யார் ஆக்குவது.

4, சனி

வெயில். மேல்மண் வெளுக்கிறது. பெரம்பலூர் மெக்கானிக் வந்தான்.

"டீசல் பம்பு தேஞ்சிடுச்சும்மா. எறக்கி வேல பாக்க ஒரு வாரம் ஆகும். இப்போதைக்கு இன்னொரு வண்டிய விட்டு இழுத்தா கெளம்பிடும். கெளம்புனா நிறுத்திடாதீங்க."

ஊர் வண்டியெல்லாம் குன்னம் பக்கம் உழவுக்குப் போயாச்சு. மிச்சம் ஒன்றுதான், கனகவல்லி வீட்டு வண்டி.

கனகவல்லி என் ஓர்ப்படி. கொழுந்தன் பெண்டாட்டி. மாமியார் செத்த அன்றைக்கு நான் செட்டிகுளத்தில், அம்மா வீட்டில். 'அக்காவுக்கு நான் ஆள் அனுப்பறேன்' என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னவள் இவள். அனுப்பவில்லை. எடுத்த பிறகுதான் வந்து சேர்ந்தேன். முகம் பார்க்கவில்லை. வாசலில் ஈரத்தலையோடு நின்றாள், பச்சைச் சேலை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதோடு அந்த வாசலை மிதிக்கவில்லை. அப்போது முருகேசன் கைக்குழந்தை. இப்போது அவன் காது முடி நரைத்துவிட்டது.

"சித்தியப் போயி கேக்கவாம்மா?"

"வெத கெட்டாலும் கெடட்டும்."

"ஒன் கோவத்த வெதைச்சா மொளைக்குமா?"

சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனேன்.

5, ஞாயிறு

கொல்லையில் குச்சியால் குத்திப் பார்த்தேன். நாலு விரலுக்குக் கீழேதான் ஈரம். போய்க் கேள் என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கனகவல்லி மகன் வண்டியோடு வந்தான். "பெரியம்மா, தள்ளி நில்லுங்க." வடக்கயிறு கட்டி இழுத்தான். கருப்புப் புகை. கிளம்பிடுச்சு! கயிற்றை வரப்பில் போட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போனான்.

மத்தியானத்துக்குள் பாதிக் கொல்லை ஓட்டி விதைத்து முடிந்தது. டீசல் தீரப் போகிறது. வண்டியை ஓடவிட்டபடியே பைக்கில் டீசல் வாங்கப் போனான் முருகேசன்.

"கிட்ட நில்லும்மா. எதையும் தொட்டுடாத."

நின்றேன். கனகவல்லி வரப்பில் வந்தாள். முதுகு வளைந்துவிட்டது. நேரே என்னைப் பார்த்து வாய் அசைக்கிறாள். வண்டிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்துச் சொல்ல வந்திருக்கிறாள், அது காதில் விழாமல் போகலாமா. கை போய்விட்டது. இஞ்சினை அணைக்கிற கம்பியை இழுத்துவிட்டேன்.

ஒரே அமைதி. எங்கேயோ ஒரு காக்கா.

"கயித்த எடுத்துட்டுப் போலாம்னு வந்தேங்க்கா," என்றாள்.

அவ்வளவுதான்.

அப்புறம் வண்டியைப் பார்த்தாள். "ஏங்க்கா நிறுத்துன?"

"நீ என்னமோ சொன்னியே."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கயிற்றை எடுக்காமலே திரும்பிப் போய்விட்டாள்.

முருகேசன் வந்து சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

6, திங்கள்

மேகமே இல்லை. பாதி விதை மண்ணில், பாதி மூட்டையில். முருகேசன் பேத்தியிடம் சொல்கிறான், எனக்குக் கேட்கட்டும் என்று: "சித்தி வூட்டு வண்டியும் இன்னிக்கி குன்னம் போவுது."

கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டாச்சு. அவள் வாசலுக்குப் போகிறேன். திருப்பிக் கொடுக்க இல்லை. இன்னொரு தடவை இழுத்துவிடச் சொல்லிக் கேட்க.

அன்றைக்கு ஏன் ஆள் அனுப்பவில்லை என்பதையும் கேட்பேன்.