மெல்க்சே ஏரிக்கரையில் எடுத்த ஆறு சோதனைப் படங்கள்

லுசேர்ண்,
20.02.2022

அன்புள்ள பத்மநாதன்,

நீயும் கலாவதியும் சுகமாயிருக்க வேண்டும். கல்கரியில் இன்னும் பனி கொட்டுகிறதாம், செய்தியில் பார்த்தேன். இங்கே ஏரிக்கரையில் உருகிவிட்டது. மதுஜா ஓர்லிகோனில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என்னோடு வந்து நிற்கிறாள். சமைக்கிறாள், நான் சாப்பிட்டு முடிக்கும் வரை முன்னால் இருக்கிறாள். முப்பது வருசம் ஹோட்டல் குசினியில் ஊர் உலகத்துக்கெல்லாம் சமைத்தவனுக்கு இப்போது பிள்ளை சோறு போடுகிறது.

புனிதத்தின் செத்தவீட்டன்று நீ தொலைபேசியில் அழுதாய். நான்தான் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு போன கிழமை ஒரு செய்தி அனுப்பியிருந்தாய். பென்சன் எடுக்கிறன் மச்சான், மலையளைப் படம் எடுக்கப் பயணம் போகப்போறன், எந்த மீடியம் போர்மற் கமரா வாங்கிறது, நீ சொல்லு என்று. அம்மா போய் இரண்டு கிழமை ஆகேல்லை, அந்த மாமாவுக்குக் கமராவோ என்று மதுஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. என் வாயைத் திறக்க வைக்க உனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதானே.

ஆனால் இந்தக் கடிதம் கமராவுக்காக மட்டும் அல்ல. புனிதத்தின் முகம் தெரிகிற ஒரு படம் எனக்கு வேண்டும். அது உலகத்திலே உன்னிடம் மட்டும்தான் இருக்கலாம். முதலில் நீ கேட்டதைச் சொல்லி முடிக்கிறேன். நேரே அதற்குப் போனால் எனக்கு எழுத வராது.

நீ புஜியின் நூறு மெகாபிக்சலுக்கும் ஹசல்பிளாட்டின் ஐம்பதுக்கும் நடுவில் நிற்கிறாய். இரண்டையும் போன செப்டெம்பரில் சூரிச்சில் வாடகைக்கு எடுத்து மெல்க்சே ஏரிக்குக் கொண்டுபோனேன் அல்லவா. ஹசல்பிளாட் கையில் பிடிக்கச் சுகம். பின்னேர வெயில் பாறையில் விழுந்த நிறத்தை, சும்மா சொல்லக்கூடாது, கண்ணால் கண்டபடியே தந்தது. ஆனால் கை நடுக்கத்தைத் தாங்காது. முக்காலி இல்லாமல் அதோடு மலைக்குப் போகாதே. புஜி பார்க்கக் கட்டை, தூக்கவும் கொஞ்சம் பாரம். ஆனால் நடுக்கத்தைச் சமாளிக்கிற பொறி அதன் உள்ளேயே இருக்கிறது, மங்கல் வெளிச்சத்திலும் கையில் வைத்தே எடுக்கலாம். லென்ஸ்களும் அதற்குத்தான் கூட. மெகாபிக்சலை விடு. முக்காலியை யார் தூக்குவது என்று முதலில் யோசி. எனக்கு இனி என்றால் புஜிதான்.

என் முக்காலியைத் தூக்கியது புனிதம். கமராப் பையைத் தொட விடமாட்டேன், விழுத்திப்போடுவாய் என்று பேசுவேன். முக்காலியும் தேத்தண்ணிப் போத்தலும் அவள் பொறுப்பு. அன்றைக்கு மலைக்குக் கம்பியில் போகிற கொண்டோலாவில் ஏறும்போது, கலியாணவீட்டிலை லைற் தூக்கிறன், மலையிலை முக்காலி தூக்கிறன், எப்ப என்னை ஒரு படம் எடுக்கப்போறியள் என்று பகிடி விட்டாள். நானும் சிரித்தேன். மேலே போனதும் போகஸ் பார்ப்பதற்காக அவளை ஏரிக்கரையில் நிறுத்தினேன்.

என் முறை உனக்குத் தெரியும். மலைக்கு முன்னால் ஆள் நின்றால் அது மலைப் படமே இல்லை என்று நாம் இரண்டு பேரும் எத்தனை நாள் கதைத்திருப்போம்! அவளது சிவப்பு ஜக்கெற்றில் குறி வைத்து இரண்டு கமராவிலும் மூன்று மூன்று படம் தட்டினேன். பிறகு, சரி, விலத்து என்றேன். விலத்தினாள். அதன் பிறகு எடுத்ததுதான் எனக்குப் படம். ஆள் நின்றவற்றை வீட்டுக்கு வந்த கையோடு அழித்துவிட்டேன். பெரிய கோப்புகள், இடத்தைப் பிடிக்கும் என்று.

பெப்ரவரி நாலாம் திகதி காலையில் தலை இடிக்குது என்று குசினிக் கதிரையில் இருந்தவள் பிறகு எழும்பவில்லை. மூளையில் இரத்தம் கசிந்தது என்றார்கள்.

மார்ச் ஆறாம் திகதி முப்பத்தோராம் நாள். அதற்குக் கல்வெட்டுப் புத்தகம் அச்சடிக்க வேண்டும். எத்தனை பேரின் நினைவுப் புத்தகத்துக்கு நான் படம் கொடுத்திருப்பேன்! பாசலில் செத்தாலும் ஓர்லிகோனில் செத்தாலும் எனக்குத்தான் தொலைபேசி வரும். ஏதாவது கலியாணக் கூட்டத்துக்குள் இருந்து அந்த முகத்தைத் தேடி வெட்டிப் பெருப்பித்துக் கொடுப்பேன். அந்த நம்பிக்கையில் பத்து நாளாக என் டிஸ்க்குகளைத் தேடினேன். லீவு நாட்களில் நான் படம் எடுத்த இருபத்தாறு வருசக் கலியாணங்களில் ஒன்றிலும் புனிதம் இல்லை. எல்லாவற்றிலும் எனக்குப் பின்னால் லைற்றோடு நின்றிருக்கிறாள்.

மதுஜாவின் போனில் இருக்கிறவற்றில் முகத்தைக் கையால் மறைக்கிறாள், அல்லது திரும்பிக்கொள்கிறாள். அது அவளுடைய கூச்சம். எங்கள் கலியாணப் படத்தில் இருபத்துநாலு வயது. மிச்சம் இருப்பது பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது. சிரிக்க வேண்டாம் என்று சொல்லி எடுத்த படம். அது புனிதமே இல்லை. உங்களிட்டை அம்மான்ரை படம் ஒண்டும் இல்லையோ அப்பா என்று மதுஜா கேட்டாள். குத்திக் கேட்கவில்லை, பாவம், உண்மையாகவே கேட்டாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சும்மாவா சொன்னார்கள்.

பத்மநாதன், அழிக்க முதல் அந்த ஆறு சோதனைப் படங்களையும் உனக்கு அனுப்பினேன், ஞாபகம் இருக்கிறதா? உன் பெரிய திரையில் போட்டு ஓரம் மங்குகிறதா பார் என்றேன். புஜியிலை மச்சாளின்ரை கம்பளித் தொப்பியிலை நூல் எண்ணலாம், அது சரி, மச்சாள் ஆரைப் பாத்து இப்பிடிச் சிரிக்கிறா என்று நீ எழுதினாய். நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? அதை விடு, இடப்பக்க மூலையைப் பார் என்று. இன்று காலை அதைத் திரும்ப வாசித்தேன். என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போல் இருந்தது.

அந்தச் சிரிப்பை நான் பார்க்கவே இல்லையடா. அவளுக்கு முன்னால் அங்கே நின்றது நான் ஒருவன்தான்.

நான் அனுப்பிய இணைப்பு ஒரு கிழமையில் காலாவதியாகிவிட்டது. அழிந்ததை மீட்டுத் தருகிறவர் ஒருவரிடம் டிஸ்க்கைக் கொடுத்துப் பார்த்தேன், கையை விரித்துவிட்டார். டிசம்பரில் நத்தார் பண்டிகைக்குப் புதுக் கணினி வாங்கினேன் என்று சொன்னாய். பழையது வீட்டில் கிடந்தால் எறிந்துவிடாதே, தயவுசெய்து தேடிப் பார். ஆறும் வேண்டாம், ஒன்று போதும். மூலை மங்கினாலும் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், அதனால்தான் கையால் எழுதியதை மதுஜாவைக் கொண்டு ஸ்கான் பண்ணி அனுப்புகிறேன்.

நீ எந்தக் கமராவை வாங்கினாலும் கலாவதி நின்ற இடத்திலேயே நிற்கட்டும். விலத்தச் சொல்லாதே. நீங்கள் இருவரும் நெடுங்காலம் ஒன்றாக இருக்க வேண்டும். புனிதம் இருந்தால் இதை அவள்தான் சொல்லியிருப்பாள், அவளுக்கும் சேர்த்து நான் சொல்கிறேன்.

படம் இருந்தால் உடனே அனுப்பு. இல்லாவிட்டால், இல்லை என்று மட்டும் எனக்கு எழுதிவிடாதே. என்ன கமரா வாங்கினாய் என்று எழுது. பாரம் எவ்வளவு, நிறம் எப்படி, எந்த மலைக்கு முதலில் போகிறாய் என்று எழுது. நான் விளங்கிக்கொள்வேன்.

உன் கூட்டாளி,
குலேந்திரன்