காலியாக விட்ட கட்டம்

இராயபுரம்,
வியாழக்கிழமை

அன்புள்ள ஜெரினா,

மஸ்கட்டில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று மாலை மாவட்டச் சங்கப் பலகையில் ஒட்டிய பட்டியலை நானே நின்று படித்தேன். தென்மண்டலக் கூடைப்பந்துப் போட்டிக்குப் போகும் நம் கல்மண்டபம் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் பொன்ராஜ் என்று இருக்கிறது. மகிழினியின் பெயர் எங்கும் இல்லை.

சங்கத்து ஆளான பொன்ராஜ் நம் மைதானத்துக்கு வந்தது இரண்டு முறை. இரண்டு முறையும் படம் எடுத்துக்கொண்டு போனார். முழங்கால் போய் ஆட்டத்தை விட்ட பிறகு, ஆறு வருடமாக வியாசர்பாடியிலிருந்து கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் வந்து, அந்தப் பெண்களை மாநிலப் பட்டம் வரை கொண்டுவந்தவள் மகிழினி.

செயலரிடம் கேட்டேன். கிளப் கொடுத்த அணிப் படிவத்தில் பயிற்சியாளர் கட்டம் காலியாக வந்தது, நிரப்பினோம் என்றார். முகத்தில் கூச்சமே இல்லை. அடித்தல் திருத்தம் இருந்தால் படிவம் திரும்பிவிடும் என்று பயந்து, அந்த ஒரு கட்டத்தை அலுவலகத்தாரே எழுதட்டும் என்று நம் பக்கத்துக் கிளப்புகள் விட்டுவிடுவது வழக்கம். அணித்தலைவியாக நான்கு வருடம் நீயும் அப்படித்தான் கொடுத்தாய். அப்போதெல்லாம் சரியான பெயர்தான் ஏறியது.

மண்டலப் போட்டிச் சான்றிதழ் இல்லாமல் விளையாட்டு விடுதியின் நிரந்தரப் பயிற்சியாளர் வேலைக்கு அவள் விண்ணப்பிக்க முடியாது. வயது வரம்பும் இந்த ஆண்டோடு முடிகிறது. இது தெரிந்தே செய்திருக்கிறார்கள்.

முகத்துவாரக்குப்பத்து ரேகாதான் இப்போது அணித்தலைவி. அக்கா வராங்காட்டி நாங்க ரயிலே ஏற மாட்டோம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். எனக்காவ ஆடாம குந்திகினு இருந்தீங்கன்னா மொதல்ல உங்களத்தான் வெரட்டுவேன், போய் ஆடுங்கடி என்று மகிழினி திட்டி அனுப்பிவிட்டாள். என்னிடம், வுடு நைனா, பேஜாரு பண்ணாத என்றாள். அவளால் விட முடிகிறது. என்னால் முடியவில்லை.

பாயிண்ட் கார்டாகப் பன்னிரண்டு வருடம் சம்பளத்துக்கு ஆடியவள் அவள். பந்தைக் கொண்டுவந்து அடுத்தவர் கையில் சேர்ப்பதுதான் அவள் வேலை. உன் பெயரில் நான் பத்திரிகையில் எழுதிய புள்ளிகளில் பாதி அவள் கொடுத்த பந்து. அதை அன்றே எழுதியிருக்க வேண்டும்; எழுதவில்லை.

உன் தம்பி பிலால் அதே சங்கத்தில் நடுவராக இருக்கிறான். அவனுக்குத் தொல்லை வருமே என்று நீ யோசிப்பாய். வராது என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

சங்கத்தில் நான் கொடுத்த புகாரின் விசாரணை திங்கள்கிழமை காலை பதினொரு மணிக்கு. காலிக் கட்டம் வழக்கம்தான் என்று பழைய அணித்தலைவி ஒருவர் கையெழுத்திட்ட கடிதம் ஞாயிறு மாலைக்குள் வேண்டும். போனில் படமாக வந்தாலும் போதும். நால்வரிடம் கேட்டேன், இதுவரை யாரும் தரவில்லை. அணி புதன்கிழமை ரயில் ஏறுகிறது.

உன் வீட்டில் எல்லோரையும் ஆண்டவன் காக்கட்டும். ஞாயிறு மாலை வரை போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

அன்புடன்,
அம்புரோஸ்