முதுகில் வைத்த டீ கிளாஸ்

மாப்ளே,

இன்று காலை பாயை விரித்ததும் யூகலிப்டஸ் தைல வாசம் அடித்தது. உன் பாய்தான். நீ போய் எட்டு மாதமாகியும் வாசம் போகவில்லை. இடுப்பில் தைலத்தை அப்பிக்கொண்டுதான் பயிற்சிக்குப் படுப்பாய். "ஆயில் ஊத்தாம வண்டி ஓடுமாப்பா?" என்பாய்.

பழனிக்கும் கொடைக்கானலுக்கும் ஒரே பஸ்ஸை நாம் இருவரும் பதினைந்து வருஷம் ஓட்டினோம். காலை நடைகள் உனக்கு, மதியத்துக்கு மேல் எனக்கு. மலை வளைவுகள் இரண்டு பேர் இடுப்பையும் ஒன்றுபோலத்தான் முறித்தன. நாள்பட்ட இடுப்புவலிக்கு ஆஸ்பத்திரியில் காலை வேளையில் பயிற்சி சொல்லித் தருகிறார்கள் என்றதும் நீதான் வழி சொன்னாய். நான் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும், மத்தியானம் சாவி மாற்றும்போது உனக்குச் சொல்லித் தர வேண்டும். நம் சோலியெல்லாம் அப்படித்தானே நடந்தது. ஒருவன் வரிசையில் நின்றால் இரண்டு வீட்டு வேலையும் முடியும்.

டிரைவர்கள் ஓய்வறையில் தினமும் அரை மணி நேரம். மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சோடு அணைப்பது, காலை மடக்கி ஊன்றி இடுப்பைத் தூக்குவது எல்லாம் உனக்குச் சட்டென்று வந்தது. மண்டிபோட்டுக் கையூன்றி, ஒரு கையையும் எதிர்ப்பக்கத்துக் காலையும் நீட்டுவதில்தான் தகராறு. இடுப்பு ஆடுகிறதா என்று பார்க்க, பாதி டீயோடு கிளாஸை முதுகில் வைத்தோம். மூன்றே மாதத்தில் என் கிளாஸ் அசையவில்லை, வலியும் விட்டது. உனக்குத் தினமும் சிந்தியது. கண்டக்டர்களைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டினேன். நீயும் சேர்ந்துதான் சிரித்தாய்.

ஒரு நாள் சாவியைக் கொடுக்கும்போது சொன்னாய்: "படுத்தாலும் வலி விடமாட்டேங்குதுப்பா. இடது காலு மரத்துக் கெடக்கு. கிளட்ச மிதிச்சா மிதிச்ச மாதிரியே இல்ல."

"சாக்குச் சொல்லாத. இன்னும் பத்து சேத்துப் போடு" என்றேன். நீ போட்டாய்.

கால் மரத்தாலோ, படுத்தும் வலி அடங்காவிட்டாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே வரவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித் தந்த டாக்டரம்மா முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார். மற்றதையெல்லாம் உனக்குச் செய்து காட்டினேன். இதில் செய்து காட்ட ஒன்றுமில்லை, விட்டுவிட்டேன். நீ கால் மரத்தது என்ற அன்றும் அது நினைவுக்கு வரவில்லை என்று எழுதத்தான் ஆசை. வந்தது, மாப்ளே. வாத்தியாராக நின்று பழகிவிட்ட மப்பு. பஸ் கிளம்பும் நேரம் வேறு. சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மதுரையில், முதுகெலும்பில் கட்டி என்றார்கள். கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே என்றும் சொன்னார்கள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

இப்போது எந்த டிரைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் டாக்டரம்மா சொன்னதைத்தான் முதலில் சொல்கிறேன். கிளாஸெல்லாம் அப்புறம்தான். யாருக்குச் சொல்லி என்ன, உனக்குச் சொல்லவில்லையே.

காரியம் முடிந்த அன்று உன் வீட்டுக்காரி இந்தப் பாயைச் சுருட்டி என் கையில் கொடுத்தது. "நீங்க சொல்லிக் குடுத்தத கடைசி வரைக்கும் விடலண்ணே. படுக்கையில கெடந்தும் முழங்காலத் தூக்கப் பாத்தாரு. இத நீங்களே வச்சுக்கங்க."

டாக்டரம்மா சொன்னதை உன்னிடம் சொல்லாமல் விட்டதை உன் வீட்டுக்காரியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. தினமும் உன் வீட்டைத் தாண்டித்தான் பஸ் மலையேறுகிறது. நீ அடிப்பது போலவே ஹாரன் அடிக்கிறேன். அது வாசலுக்கு வந்து என்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறது.