நகத்தில் ஒரு கீறல்

ஹனோவர்
ஞாயிறு பின்னேரம்

இஞ்சாருங்கோ,

கிறிஸ்ரினா இன்றைக்கும் சண்டை பிடித்தாள். “அம்மா, படகு கவிண்டு மூண்டு வருசமாச்சு. அப்பா இல்லையெண்டு கோட்டுக்குக் குடுக்கிற அந்த அன்ட்றாக் போமில கையெழுத்து வையுங்கோ” என்றாள். நான் அரிசி களைந்தேன்.

தார்ப்பன் மீன் பிடிக்க ஆபிரிக்காவுக்குப் போனபோது தடித்த தூண்டில் முட்கள் ஏழை விட்டுவிட்டுப் போனீர்கள். “அந்த மீனின்ர வாய் சீமெந்து மாதிரி. மெல்லிய கம்பி முள்ளுத்தான் ஏறும், இதுகள் குத்தாது” என்றீர்கள். கீழே கெல்லர் நிலவறையில் அவை துருப்பிடித்துக் கிடந்தன.

ஆறு கிழமைக்கு முன் அவற்றில் ஒன்று பளபளத்தது. அடுத்த ஞாயிறு இன்னொன்று. நுனியை முக்கோணமாக அராவியிருந்தது உங்கள் கைவேலைதான். மேசையில் புது இரும்புத்தூள் கிடந்தது. கெல்லர்த் திறப்போ என் கழுத்துச் சங்கிலியில், சிலுவையோடு.

கூர் பார்க்க உங்கள் நகத்தை நீங்கள் நம்பியதே இல்லை. என் பெருவிரலைத்தான் இழுத்துப் பிடிப்பீர்கள். முள் வழுக்கினால் மொட்டை. கீறிக்கொண்டு நின்றால் கூர்.

இன்று பூசை முடிந்து வந்து சோபாவில் கண்ணயர்ந்தேன். எழும்பியபோது பெருவிரல் நகத்தில் புதுக் கீறல். கை ஈரமாக இருந்தது. நக்கிப் பார்த்தேன், உப்பு.

கீழே போய்ப் பார்த்தேன். ஏழாவது முள்ளும் கூராகிவிட்டது. இனி எதற்கு வருவீர்கள்?

அன்ட்றாக்கைக் கிழித்துவிட்டேன். நாளைக்குக் கடை திறந்ததும் ஒரு பெட்டி முள் வாங்கி, ஒவ்வொன்றாக மொட்டையாக்கி வைக்கிறேன்.

இன்னும் உங்கள் மனைவி