வைண்டிங் செக்‌ஷனில் பதினொரு பேரும் தேறிய சேதி

எப்போதும் எனக்கு முன்னால் ஆபீஸ் வந்துவிடும் ஜமீலாக்காவுக்கு,

சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினொரு பேரும் தேறிவிட்டார்கள். சரஸ்வதியும்தான். டெஸ்ட் முடிந்ததும் எல்லோரும் கேன்டீன் பக்கம் போய்விட்டார்கள். நான் மட்டும் நம் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் புரியட்டும் என்று கொஞ்சம் முன்கதையும் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். கணபதி பகுதியில் மோட்டார் செய்கிற இந்தக் கம்பெனியின் பயிற்சிப் பிரிவில் நாம் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. புது மெஷின் வந்தால் அதைத் தொழிலாளர்களுக்குச் சொல்லித்தர வகுப்பு தயாரிப்பது நம் வேலை. நீங்கள் கோட்டைமேட்டிலிருந்து பஸ்ஸில் வருவீர்கள். நான் வருவதற்குள் என் மேசையையும் சேர்த்துத் துடைத்து வைத்திருப்பீர்கள்.

போன வருடம் வைண்டிங் செக்‌ஷனுக்குப் புது மெஷின்கள் வந்தன. மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருளைச் சுற்றுகிற செக்‌ஷன் அது. பழைய மெஷினில் கைப்பிடியும் கால்மிதியும்தான். புதியதில் எல்லாமே தொடுதிரை. பாடம் எப்படி எழுதுவது என்று புரொடக்‌ஷன் மேனேஜர் சண்முகம் சார் கூட்டிய மீட்டிங்கில் நீங்கள் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது.

“ரெண்டு வாரம் குடுங்க சார். நாங்க போயி அவுங்ககூட உக்காந்து பாத்துப்போட்டு வாரோம். யாருக்கு என்ன தெரியும், யாருக்கு எது வராதுன்னு தெரிஞ்சாத்தானுங்க பாடம் எழுத முடியும்.”

சார் என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன்? “அதெல்லாம் வேண்டாங்க சார். மெஷின் புஸ்தகத்தை வெச்சே மூணு நாள் வகுப்பு எழுதிப்போடலாம்.”

எல்லோர் முன்னாலும் உங்கள் பேச்சை வெட்டினேன். மாடிப்படி இறங்கும்போது, “சரி அம்மணி, உன்ற இஷ்டம்” என்றீர்கள். அதற்குப் பிறகு பத்து நாள் நாம் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசிக்கொண்டோம். பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்களுக்கு மாரடைப்பு, போய்விட்டீர்கள் என்று போன் வந்தது. உங்கள் வீட்டு வாசலில் நின்றபோது எனக்கு ஒரே எண்ணம்தான். ஒரு சாதாரண திங்கட்கிழமை கிடைத்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேனே. கேட்டிருப்பேனா அக்கா? தெரியவில்லை.

நான் வகுப்பை எழுதினேன். ஏசி ஹாலில் விளக்கை அணைத்து, சுவரில் படம் போட்டுப் போட்டு, மூன்று நாள். கடைசியில் தாளில் எழுதும் பரீட்சை. பதினொரு பேரில் இரண்டே பேர் தேறினார்கள். இருபது வருடமாகக் கம்பி சுற்றும் சரஸ்வதி, வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். ‘கற்றுக்கொள்ள மனமில்லை’ என்று அவர் பெயருக்கு எதிரே நான் எழுதினேன். என் கையெழுத்தில், அக்கா.

சண்முகம் சார் ஒன்பது பேரையும் பேக்கிங்குக்கு மாற்றச் சொல்லிவிட்டார். அட்டைப் பெட்டியை ஒட்டுகிற வேலை. அந்த மாற்றல் தாளில் கையெழுத்து வாங்கத்தான் முதன்முறையாக வைண்டிங் செக்‌ஷனுக்குள் போய் சரஸ்வதியின் பக்கத்தில் நின்றேன். ஒன்பது வருடத்தில் முதன்முறை.

அவர் என்னிடம் பேசிக்கொண்டே பழைய மெஷினில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். திடீரென்று மெஷினை நிறுத்தினார்.

“ஏனுங்க நிறுத்தீட்டீங்க?”

“கம்பி இழுத்துப் பிடிக்குதுங்க. சத்தம் மாறுது பாருங்க.”

எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. அவர் கம்பியைத் தளர்த்திவிட்டு மறுபடி ஓட்டினார். நான் மாற்றல் தாளை நீட்டினேன். வாங்கியவர் அதைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி. கண்ணைச் சுருக்கினார்.

“கண்ணாடி போடறதில்லீங்களா?” என்று கேட்டேன்.

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஊட்டுல போடுவேனுங்க. இங்க போட்டா, வயசாயிருச்சுன்னு மாத்திப்போடுவாங்கன்னு பயமுங்க.” கையிலிருந்த தாளைப் பார்த்துச் சிரித்தார். “போடாமயே மாத்தீட்டாங்க.”

அக்கா, அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருட்டான ஹாலில், எறும்பு மாதிரி எழுத்து அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்து நான் மூன்று நாள் பாடம் எடுத்திருக்கிறேன். அவருக்கு மனமில்லை என்று எழுதியும் வைத்திருக்கிறேன்.

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு நேராக சண்முகம் சாரிடம் போனேன். ரெண்டு வாரம் கேட்டேன். ஆமாம், நீங்கள் கேட்ட அதே ரெண்டு வாரம்.

“அன்னைக்கு நீங்கதானேம்மா வேண்டாம்னீங்க?” என்றார்.

“நாந்தானுங்க சார். தப்புங்க. ஜமீலாக்கா சொன்னதுதான் சரி.”

“இன்னொரு வாட்டி தேறலீன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. பாத்துக்கங்க” என்றார். நான் அவருக்கு நன்றிகூடச் சொல்லாமல் ஓடிவந்தேன்.

அந்த இரண்டு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதை உங்களிடம் எப்படிச் சொல்வேன்? நான்கு பேருக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. ஏழு பேர் தமிழ் பேப்பரைக் கடகடவென்று படிக்கிறார்கள். மெஷின் திரையோ ஆங்கிலம். நான் வகுப்பை வைத்த நேரம், எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு அவர்கள் வீட்டுக்குக் கிளம்புகிற நேரம். ருக்மணி என்கிற அம்மா, “பரீட்சைன்னு சொன்னாலே எனக்குக் கை வேர்த்துப்போகுமுங்க, பள்ளிக்கூடத்தை உட்டதே அதுக்குத்தான்” என்றார். இவர்கள் யாருக்கும் மெஷின் பயமில்லை. என் வகுப்புதான் பயம்.

தேறிய இரண்டு பேரில் ஒருத்தி நந்தினி. கோபிசெட்டிபாளையத்துப் பெண், டிப்ளமோ முடித்துவிட்டு இங்கே ஹாஸ்டலில் தங்கி வேலைக்கு வருகிறாள். வகுப்பில் போனையே பார்த்துக்கொண்டிருந்ததால் திமிர் என்று நினைத்திருந்தேன். விசாரித்தால், நான் சொன்னதெல்லாம் அவள் காலேஜிலேயே படித்தது. ஆனால் கம்பியை ஒருநாளும் கையால் தொட்டதில்லை. அவளை மெஷினில் கம்பி கோக்கச் சொன்னேன். மூன்று தடவை அறுத்தாள். முகம் சிவந்துவிட்டது.

“நான் பாஸ்தானே மேடம்?” என்று கேட்டாள்.

நான் போட்ட மார்க்தான் அது.

பழைய பாடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஹால் இல்லை. மெஷின் பக்கத்திலேயே வகுப்பு, ஷிப்ட் தொடங்கியதும் முதல் ஒரு மணி நேரம். திரையில் வரும் ஆங்கில வார்த்தைகளில் தினமும் வேலைக்கு வேண்டியது பதினாறுதான். அதையெல்லாம் அவர்கள் சொல்லும் சொல்லிலேயே பெரிய எழுத்தில் எழுதி மெஷினில் ஒட்டினேன். ‘இழுப்பு’ என்று அவர்கள் சொல்வதை நான் ‘டென்ஷன்’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் அக்கா, அவர்களுக்கு ஏன் புரியவில்லை என்று வேறு கோபப்பட்டுக்கொண்டு. முதல் நாள் நானே கண்ணாடி போட்டுக்கொண்டு போனேன். மூன்றாம் நாள் நான்கு கண்ணாடிகள் பைகளிலிருந்து வெளியே வந்தன.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நந்தினியை சரஸ்வதியோடு ஜோடி சேர்த்தது முதல் வாரம் பெரிய தொல்லை. இவர் பட்டனைத் தேடுவதற்குள் அவள் அமுத்திவிடுவாள். ஒருநாள் சரஸ்வதி மெஷினை விட்டு எழுந்துவிட்டார்.

“கண்ணு, நீ அமுத்தாத. நான் அமுத்தறேன். நீ வாயில சொல்லு. இல்லீன்னா எனக்கு எப்ப வாரது?”

அதையே அன்று முதல் எல்லோருக்கும் சட்டமாக்கினேன். தெரிந்தவர் கை கட்டி நிற்க வேண்டும், தெரியாதவர் கைதான் வேலை செய்ய வேண்டும். கம்பி கோக்கும்போது சரஸ்வதி கை கட்டி நிற்பார், நந்தினி திணறுவாள். என்னுடைய எந்தப் பாடத்திலும் இத்தனை நல்ல வரியை நான் எழுதியதில்லை.

இன்று டெஸ்ட். பரீட்சை என்ற சொல்லையே நான் பயன்படுத்தவில்லை. ஆளுக்கொரு சுருள், புது மெஷினில், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை. சண்முகம் சார் வந்து நின்றார். ருக்மணி முதல் தடவை சுற்று எண்ணிக்கையைத் தப்பாகப் போட்டுவிட்டார். இன்னொரு சந்தர்ப்பம் கொடுத்தேன், சரியாக முடித்தார். நந்தினி கம்பியை அறுக்காமல் சுற்றினாள்.

சரஸ்வதி கடைசி. பாதியில் மெஷின் நின்று திரை முழுக்கச் சிவப்பானது. சண்முகம் சார் ஒரு அடி முன்னால் வைத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன், மேனேஜரை. சரஸ்வதி அவசரப்படவில்லை. திரையில் வந்த வார்த்தைக்கு மெஷினில் ஒட்டியிருந்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தார். மெஷினின் பின்பக்கம் போய், சரியாக மூடாமல் இருந்த கதவை அழுத்தி மூடினார். திரும்பி வந்து, விட்ட சுற்றிலிருந்தே ஓட்டினார்.

சரஸ்வதி சுருளை எடுத்துக் கொடுத்ததும் சார் அவரிடம் கேட்டார், “உங்களுக்கு யாருங்க இதச் சொல்லிக்குடுத்தாங்க?”

“அதுலயே எழுதியிருந்துச்சுங்களே சார்,” என்றார் சரஸ்வதி.

சார் மாற்றல் உத்தரவை ரத்து செய்துவிட்டுப் போனார். போகும்போது என்னிடம், “அந்தம்மா சொன்னதை நான் அன்னைக்கே கேட்டிருக்கோணும்” என்றார். உங்களைத்தான். நான் தலையாட்டினேன்.

மன்னிப்பைக் கடைசியில் எழுதலாம் என்று வைத்திருந்தேன். இப்போது எழுதப் போனால் எந்த வார்த்தையும் சரியாக இல்லை. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன் அக்கா. அடுத்து வார்ப்புப் பிரிவு. புது உலைக்கு முப்பது பேருக்குப் பாடம் வேண்டும். பாதிப் பேர் ஒடிசாக்காரர்கள். அவர்கள் பாஷையில் எனக்கு ஒரு சொல் தெரியாது. பாடம் எழுதிவிட்டீர்களா என்று சார் இப்போதே கேட்கிறார். ஒரு வரிகூட எழுதவில்லை. திங்கட்கிழமை காலையில் அவர்கள் நடுவில் போய் உட்காரப் போகிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் தங்கச்சி,
ரேணுகா